ரெண்டு வேளை மாத்திரை: டாக்டர் எழுதிய மருந்தைப் பத்திரமாகச் சாப்பிட ஒரு முழு வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு வீட்டு மருந்து டப்பாவைக் கொட்டிப் பார்த்தால், உள்ளே இருப்பவை நாலு வழியில் வந்திருக்கும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுப் போட்டு வாங்கிய பிரஷர் மாத்திரை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த சுகர் மாத்திரை. தெருமுனை கிளினிக்கில் எழுதி மெடிக்கலில் வாங்கியது. கடைசியாக, சீட்டே இல்லாமல் "அண்ணா, ஒடம்பு வலிக்கு ரெண்டு வேளை மாத்திர குடுங்க" என்று கேட்டு வாங்கிய வெட்டுத் துண்டுகள்.

இந்த நாலில் ஒன்று கொடுப்பவருக்கு மற்ற மூன்றும் தெரியாது. ஸ்டான்லி டாக்டருக்கு கிளினிக் மருந்து தெரியாது, கிளினிக் டாக்டருக்கு மெடிக்கல் வலி மாத்திரை தெரியாது. மருந்தால் வரும் சிக்கல்களைத் தோண்டிப் பார்த்தால் பல இந்த இடைவெளியில்தான் தொடங்கியிருக்கும். அதை அடைக்க முடிந்தவர் சாப்பிடுகிறவர்தான், அல்லது அவர் வீட்டில் பொறுப்பாக இருக்கும் ஒருவர். கீழே வரும் அளவுகள் பொதுவானவை; உங்கள் சிறுநீரகம், கல்லீரல், எடை, வயது தெரிந்த டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதே சரி.

முதல் படி: எல்லாவற்றையும் ஒரே தாளில்

டப்பாவைக் கொட்டுங்கள். ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் இரண்டு பெயர் இருக்கும். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். அதன் கீழோ மேலோ மருந்தின் உண்மைப் பெயர். தாளில் எழுத வேண்டியது உண்மைப் பெயரையும் மி.கி. அளவையும்தான். "வெள்ளை கலர், சின்னது, சுகருக்கு" என்று சொன்னால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அட்டைகளைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று அசப்பில் ஒரே மாதிரிதான் தெரியும், நிறத்தை நம்பவே வேண்டாம்.

வரிசையாக எழுதுங்கள்: மருந்தின் பெயர், அளவு, எந்த வேளை, எதற்காக, எந்த மாதத்திலிருந்து, யார் கொடுத்தது. தாளின் தலையில் எடை, அலர்ஜி உள்ள மருந்து, கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு. நாட்டு மருந்து, லேகியம், சத்துப் பவுடர், கண் சொட்டு மருந்து, மூட்டுக்குத் தேய்க்கும் களிம்பு எல்லாம் இதில் வரவேண்டும். "அதெல்லாம் மருந்தா?" என்று விடுபடுவதுதான் பிறகு வம்பாகிறது. தாளை மடித்து, ஆஸ்பத்திரியில் எழுதித் தரும் சுகர் நோட்டுக்குள் வையுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரே பெயர் இரண்டு தடவை வருகிறதா பாருங்கள். வடசென்னையில் அடிக்கடி சிக்குவது அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து. அரசு மாத்திரையிலும் அது, தனியார் டாக்டர் எழுதியதிலும் அது, பெயர் மட்டும் வேறு. பிரஷர் மருந்துப் பெயரின் வாலில் ஏ.எம். என்றிருந்தால் பெரும்பாலும் அம்லோடிபின் சேர்ந்திருக்கிறது, எச். என்றிருந்தால் நீர் பிரிக்கும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடு. இரண்டு பங்கு போனால் கால் வீங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

அடுத்தது பாரசிட்டமால். டோலோ 650, கால்பால் இரண்டிலும் இருப்பது இதே மருந்து. காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபெனோடு இதுவும் உண்டு, பல சளி மாத்திரைகளிலும் உண்டு. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பதே உச்ச வரம்பு. உடல் மெலிந்தவர்கள், தினமும் குடிப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அதற்கு வெகு கீழேயே நிற்க வேண்டும். காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் விழுங்கினால் வரம்பைத் தாண்டியது தெரியவே தெரியாது. முதல் நாள் வெறும் குமட்டல் மட்டும் இருக்கும், கல்லீரல் அடிவாங்கியது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அளவு மீறியது தெரிந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது அதனால்தான்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது

கூட்டமான ஓ.பி.யில் இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்த இரண்டு நிமிடத்தில் தாளை நீட்டுங்கள். கர்ப்பம், நாள் தள்ளிப்போயிருப்பது, தாய்ப்பால் கொடுப்பது, மஞ்சள் காமாலை வந்தது, மது, அடுத்த வாரம் பல் பிடுங்கப் போவது, நோன்பு வைக்கப் போவது ஆகியவற்றை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு கேட்க வேண்டியவை: "இது எதுக்கு டாக்டர்? எத்தனை நாளைக்கு? சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா? என்ன ஆனா உடனே வரணும்? பழைய மாத்திரையில எதை நிறுத்தணும்?" கடைசிக் கேள்விதான் முக்கியம். புது மாத்திரை எழுதும்போது பழையதை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள், அது காதில் விழாமல் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ஓ.டி. தினம் ஒரு வேளை, பி.டி. இரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். வாரம் ஒரு நாள் என்று எழுதியிருந்தால் மெடிக்கலில் சொல்லி அட்டையிலேயே கிழமையை எழுதி வாங்குங்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மருந்து. தினமும் போட்டால் வாய் முழுக்கப் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து, உயிரே போகலாம்.

மெடிக்கலில்

அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் எச்1 பட்டியலில் பல ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் தூக்க மாத்திரைகள் சிலவும் இருக்கின்றன. அவற்றை விற்கும்போது கடைக்காரர் தனிப் பதிவேட்டில் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

"ரெண்டு வேளை மாத்திர" பொட்டலத்துக்குள் பல சமயம் ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு கேஸ் மாத்திரை, ஒரு குட்டி ஸ்டீராய்டு இருக்கும். அந்தக் குட்டிதான் "நல்லா கேக்குது" என்ற பெயரை வாங்கித் தருவது. ஸ்டீராய்டு காய்ச்சலையும் வலியையும் அமுக்கிவிடும், நோய் உள்ளே வளரும். சுகர் உள்ளவருக்கு ஒரே நாளில் அளவு எகிறும். ஆன்டிபயாட்டிக் ஒரு நாளைக்கு மட்டும் சாப்பிடுவதில் எந்தப் பயனும் இல்லை. கத்தரித்த துண்டில் பெயரும் எக்ஸ்பைரியும் இல்லையென்றால் வாங்க வேண்டாம். துண்டாகத்தான் வாங்க வசதி என்றால் தேதி அச்சான பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது முழு அட்டையைப் போனில் படம் எடுத்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். எக்ஸ்பைரி 06/2027 என்றிருந்தால் ஜூன் 30 வரை பயன்படுத்தலாம். பில் கட்டாயம், பேட்ச் எண் அதில்தான் இருக்கும்.

அரசுத் திட்டக் கடைகளான மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் அதே மருந்து விலை குறைவாகக் கிடைக்கும், சுகர் பிரஷருக்குத் தாராளமாக மாறலாம். ஆனால் ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்து, தைராய்டுக்கான தைராக்ஸின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் ஆகியவற்றில் அளவு சற்று ஏறி இறங்கினாலும் உடம்பில் தெரியும். இவற்றில் ஒரே தயாரிப்பைத் தொடருங்கள், மாற்றினால் டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை பாருங்கள்.

அளவும் நேரமும்

"காலை" என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. காசிமேட்டில் விடியுமுன்னே ஏலத்துக்குப் போகிறவருக்கும், துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவருக்கும், காலை எட்டு மணிதான் படுக்கப் போகும் நேரம். 1-0-1 என்பதை அவர்கள் 12 மணி நேர இடைவெளி என்று படிக்க வேண்டும். சுகர் மாத்திரையைப் பொறுத்தவரை கடிகாரத்தைவிடச் சாப்பாடுதான் கணக்கு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு டீயோடு மூட்டை தூக்கப் போனால் சுகர் இறங்கும். அன்றைக்குச் சாப்பாடு தள்ளிப்போகும் என்றால் மாத்திரையும் தள்ளிப்போக வேண்டும். பல நாள் கடலில் தங்கும் விசைப்படகுத் தொழிலாளர்கள் போகும் நாள் கணக்கோடு ஒரு வாரத்துக்கு அதிகமாக, ஈரம் புகாத டப்பாவில் எடுத்துப் போகட்டும். ராயபுரம், மண்ணடிப் பக்கம் ரம்ஜான் நோன்பு வைக்கிறவர்கள் மாதம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து வேளையை மாற்றி எழுதி வாங்க வேண்டும். நோன்பு தொடங்கிய பிறகு தானாக மாற்றினால் பகலில் மயக்கம் வரும்.

வயிறு விஷயம். தைராக்ஸின் எழுந்தவுடன் வெறும் தண்ணீரில்; அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் டீகூடக் கூடாது; கால்சியமும் இரும்புச் சத்தும் 4 மணி நேரம் தள்ளி. டீயோடே தைராய்டு மாத்திரை போட்டுவிட்டு "டோஸ் பத்தலை" என்று வருடக்கணக்கில் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. கேஸ் மாத்திரையான பான்டாப்ரஸோல் சாப்பாட்டுக்கு அரை மணி முன். சுகருக்கான மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு. வலி மாத்திரை வெறும் வயிற்றில் எப்போதும் கூடாது. இரும்பு மாத்திரையை டீ காபியோடு போட்டால் சத்து சரியாக உடம்பில் சேராது. மழை வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் தடுப்புக்குத் தரும் டாக்ஸிசைக்ளினை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். பாதி மடக்கில் விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், நெஞ்செரிச்சலில் எச்சில்கூட இறங்காது. கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடக் கூடாது.

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். என்று இருந்தால் உடைக்கவோ இடித்துத் தூளாக்கவோ கூடாது. நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து ஒரே அடியாக இறங்கிவிடும். ஆயாவுக்கு விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு வடிவம் கேளுங்கள்.

குழந்தை சிரப்பில் நடக்கும் பிழை ஏறக்குறைய எப்போதும் ஒரே பிழைதான்: பாட்டில் மாறியிருக்கும், அளவு மாறியிருக்காது. பாரசிட்டமால் ஒரு வேளைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு 15 வைத்தால் 180 மி.கி. கடையில் கிடைக்கும் பாட்டில்களில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. ஆக, அதே 180 மி.கி.க்கு முதல் பாட்டிலில் 7.5 மி.லி., இரண்டாவதில் 3.6, சொட்டு மருந்தில் 1.8 மட்டும். "போன தடவை ஏழரை ஊத்தினோமே" என்று சொட்டு மருந்தில் ஏழரை ஊற்றினால் 750 மி.கி. போய்விடும். 6 மணி நேர இடைவெளியில் கொடுங்கள், நாளைக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். வீட்டு ஸ்பூன் அளவு ஆளுக்கு ஆள் மாறும், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உட்புறம் விடுங்கள்.

இருமல் சிரப் பற்றி ஒன்று. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற சிறுநீரக நஞ்சு கலந்திருந்தது. அந்தக் கலப்படம் இல்லாவிட்டாலும், இரண்டு வயதுக்குள் இருமல் சளி மருந்து கூடாது என்பதும், ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்பதும் மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை.

இன்சுலின் போடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் கடையிலும் பாட்டிலில் வருவது பொதுவாக 1 மி.லி.க்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. இன்சுலின் பேனாவுக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜ் 1 மி.லி.க்கு 100 யூனிட், அந்த அளவுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. பேனா கெட்டுப்போனது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். மாற்றி, 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால், 10 என்று நினைத்து 4 யூனிட்தான் போகும். பாட்டிலில் எழுதிய எண்ணும் சிரிஞ்சில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் இழுங்கள்.

ஒரு வேளை மறந்துபோனால்

அடுத்த வேளைக்கு இருக்கும் இடைவெளியில் பாதிக்கு மேல் மீதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நீங்களாக இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். சாப்பாட்டோடு மறந்த கிளிமிபிரைடை இரவு படுக்கும் முன் ஞாபகம் வந்து போடாதீர்கள், தூக்கத்தில் சுகர் இறங்கும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, வலிப்பு மருந்து ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டு. வாங்கும்போதே கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்க விளைவு: எது சகஜம், எது சொல்ல வேண்டியது, எதற்கு ஓட வேண்டும்

மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய் என்று அதற்குச் சொல்ல முடியாது. ரத்தக் குழாயைத் தளர்த்தும் அம்லோடிபின் கணுக்காலில் இருக்கும் குழாய்களையும் தளர்த்துவதால்தான் நீர் கசிந்து பாதம் வீங்குகிறது. இப்படிக் காரணம் தெரிந்தால் பயம் பாதியாகிவிடும்.

புதிதாக எந்தத் தொந்தரவு வந்தாலும் தாளை எடுத்து மூன்று தேதியைப் பாருங்கள்: எந்த மருந்து எப்போது புதிதாகச் சேர்ந்தது, எப்போது அளவு கூடியது, தொந்தரவு எப்போது தொடங்கியது. பிரஷருக்கு எனலாபிரில், ராமிபிரில் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் வறட்டு இருமல் சில வாரமோ மாதமோ கழித்துக்கூடத் தொடங்கும், அதனால் யாரும் மருந்தைச் சந்தேகிப்பதில்லை. எண்ணூர், மணலி என்றால் கேட்கவே வேண்டாம், "புகையால வர்ற இருமல்" என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் சிரப் குடிப்பார்கள். சிரப் கேட்காது. மருந்தை லோசார்டன் வகைக்கு மாற்றினால் சில வாரத்தில் இருமல் போகும்.

இதிலிருந்து வரும் பெரிய பொறி ஒன்று உண்டு: ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து சேர்ப்பது. அம்லோடிபின் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, நீர் மாத்திரையால் யூரிக் அமிலம் ஏறி விரல் வலி, விரல் வலிக்கு வலி மாத்திரை, அதனால் பிரஷர் ஏறி அம்லோடிபின் அளவு இரட்டிப்பு. வயதானவர்களுக்குத் தலைசுற்றலுக்கென்று எழுதும் சின்னரிசினை மாதக்கணக்கில் தொடர்ந்தால் கை நடுங்கி நடை தளரும், பார்கின்சன் நோய் என்று நினைக்க வைக்கும். ஐந்து மாத்திரைக்கு மேல் சாப்பிடும் பெரியவர் வீட்டில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முழுத் தாளையும் ஒரே டாக்டரிடம் காட்டி "இதுல எது இன்னும் வேணும்?" என்று கேளுங்கள்.

பயப்பட வேண்டாதவை: இரும்பு மாத்திரையில் மலம் கறுப்பாவது, மெட்ஃபார்மின் தொடங்கிய முதல் இரண்டு வாரம் வயிறு இளகுவது, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சாவது. கடைசியாகச் சொன்னதைப் பார்த்துப் பயந்து முதல் வாரத்திலேயே காசநோய் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதச் சிகிச்சை, இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும்.

இரண்டு மூன்று நாளில் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: கணுக்கால் வீக்கம், வறட்டு இருமல், கொழுப்பைக் குறைக்கும் அடார்வாஸ்டேடின் வகையில் தொடை தோள் வலி, பிரஷர் மருந்தான அடெனோலால் வகையில் நாடி 50க்குக் கீழே இறங்குவது, சுகர் மருந்தான டாபாகிளிஃப்ளோசின் வகையில் பிறப்புறுப்பில் அரிப்பு (வெட்கப்பட்டு மறைப்பதால்தான் இது முற்றுகிறது), காசநோய் மருந்தில் கை கால் மதமதப்பு. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்குப் பாதம் எரிந்தால் சுகர் நரம்பு என்று மட்டும் விடாமல் வைட்டமின் பி12 அளவும் பார்க்கச் சொல்லுங்கள்.

உடனே ஓட வேண்டியவை, இதில் யோசனையே வேண்டாம். மருந்து போட்ட சில நிமிடம் முதல் ஒன்றிரண்டு மணிக்குள் உதடு, நாக்கு, கண்ணிமை வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்போடு மூச்சு இழுப்பது: 108. காய்ச்சலோடு தோல் சிவந்து, வாயிலும் கண்ணிலும் புண் வந்து, தோல் கொப்பளிப்பது: வலிப்பு மருந்தான கார்பமசெபின், ஃபெனிடாயின், கீல்வாதத்துக்குத் தரும் அலோபியூரினால், சல்ஃபா மருந்து ஆகியவற்றில் பெரும்பாலும் முதல் எட்டு வாரத்துக்குள் வரும், அடுத்த மாத்திரையைத் தொடாமல் ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். கண் மஞ்சள், கறுத்த சிறுநீர், வாந்தி: காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் அன்றே போக வேண்டும். காசநோய் மருந்தான எதாம்பூட்டால் சாப்பிடும்போது சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போவது, பார்வை மங்குவது. இரும்பு மாத்திரை சாப்பிடாதவருக்குத் தார் போலக் கறுத்த மலம், அது வலி மாத்திரையாலோ ஆஸ்பிரினாலோ வயிற்றுக்குள் வழியும் ரத்தம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுகிறவர் தலையில் அடிபடுவது, வெளியே காயம் இல்லாவிட்டாலும். போகும்போது பொட்டலம், அட்டை, பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

சுகர் இறங்குவது தனி விஷயம், அதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, குழப்பமான பேச்சு. மீட்டரில் 70க்குக் கீழே. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை. தேறியதும் சாதமோ இட்லியோ கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிட்டவருக்கு ஏறிய சுகர் சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கும், அதனால் சரியாகிவிட்டார் என்று தனியாக விட்டுப் போகக் கூடாது. அடெனோலால் சாப்பிடுகிறவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வேர்வைதான் முக்கிய அடையாளம்.

அலர்ஜி என்ற சொல்லை மட்டும் அளந்து பயன்படுத்துங்கள். பென்சிலின் வகையான அமாக்ஸிசிலின் சாப்பிட்டு வயிறு போனால் அது பக்க விளைவு. தடிப்பும் வீக்கமும் மூச்சிழுப்பும் அலர்ஜி. "எனக்குப் பென்சிலின் அலர்ஜி" என்று எழுதிவிட்டால் ஆயுள் முழுக்க நல்ல மருந்து ஒன்று கையை விட்டுப் போய்விடும், அதனால் என்ன நடந்தது என்பதையே எழுதுங்கள்.

ஒன்றோடொன்று சேராதவை

மூட்டு வலிக்காக டைக்லோஃபெனாக்கோ அசிக்லோஃபெனாக்கோ போடும் பெரியவர் ஏற்கெனவே பிரஷருக்கு டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சாப்பிட்டால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை அடிக்கும். வலி மாத்திரை சிறுநீரகத்துக்குள் வரும் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, டெல்மிசார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது, நீர் மாத்திரை மொத்த நீரையே குறைக்கிறது. வடிகட்ட அழுத்தமே மிஞ்சாது. மே மாத வெயிலில் வேர்த்துக் கொட்டும்போது இன்னும் மோசம். இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் பாரசிட்டமால்தான். வாந்தி பேதியில் தண்ணீர் வற்றிய நாளில் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்டன், எனலாபிரில், நீர் மாத்திரை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அன்றே டாக்டரைக் கேளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலில் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் எதுவும் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும்.

டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்கள் பிரஷருக்கு நல்லது என்று விற்கும் லோ சோடியம் உப்பை வாங்க வேண்டாம். அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம். இந்த மருந்துகளும் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும், இதயத் துடிப்பே தடுமாறும். சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள், கருவாட்டுக் குழம்பை வாரத்தில் எத்தனை நாள் என்றும் கணக்குப் பாருங்கள்.

வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையை விட வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களிலும் முடித்து மூன்று நாள் வரையும் மது கூடாது. தூக்க மாத்திரை, கடும் வலிக்குத் தரும் டிரமடால் ஆகியவற்றோடு மது சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உள்ளவர் ஆண்மைக் குறைவுக்குப் போடும் சில்டெனாஃபில் வகை மாத்திரையைத் தொடக் கூடாது, பிரஷர் பாதாளத்துக்கு விழும். நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது யாரும் தானாக வாய் திறந்து சொல்லாத விஷயம் இது. டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள். ரிஃபாம்பிசின் சாப்பிடும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை வேலை செய்யாது, வேறு வழி வேண்டும்.

திடீரென நிறுத்தக் கூடாதவை

அடெனோலால், மெட்டோபிரலால், குளோனிடின், மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்ட ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, குளோனசெபாம், மன அழுத்த மருந்து. இவற்றைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்குவதற்காகக்கூட ஆஸ்பிரின், குளோபிடோக்ரலைத் தானாக நிறுத்தக் கூடாது. பிரஷர் நார்மல் வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு: மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மல்.

வைக்கும் இடம், தூக்கிப் போடும் இடம்

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் டி.வி.க்கு மேலோ ஜன்னல் கட்டையிலோ வைத்த மாத்திரைக்கு ஏப்ரல், மே தாங்காது. பெரும்பாலான அட்டைகளில் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே என்று அச்சிட்டிருக்கும். தரையை ஒட்டிய, வெயில் படாத, அடுப்புக்குத் தள்ளிய அலமாரியில் மூடிய டப்பாவில் வையுங்கள், குழந்தைக்கு எட்டாதபடி பூட்டி. கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் மாத்திரையை அட்டையிலிருந்து மொத்தமாக உரித்து வைக்க வேண்டாம். வெள்ளத் தண்ணீர் பட்ட மருந்து எதுவாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் மாதிரித் தாழ்வான இடங்களில் அக்டோபரிலேயே மருந்து டப்பாவை மேல் பரணுக்கு ஏற்றிவிடுவது நல்லது.

திறக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில். ஃப்ரீசரிலும் அதன் தட்டை ஒட்டியும் கூடாது, உறைந்தது வீண். திறந்த பாட்டில் பெரும்பாலும் நாலு வாரம்தான், திறந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு மண்பானைக்குள் இன்னொரு சின்னப் பானையை வைத்து, நடுவில் ஈர மணல் நிரப்பி, உள்பானையில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள். காற்று படும் நிழலில் இருக்க வேண்டும். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கினாலோ, கலங்கலான வகையில் குலுக்கியும் கட்டி நின்றாலோ பயன்படுத்தாதீர்கள்.

காலாவதியான மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய டீத்தூளோடு பிசைந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கால்வாயில் வேண்டாம். இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து மூடி, ஆஸ்பத்திரியிலோ மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடமோ தனியாகச் சொல்லிக் கொடுங்கள். நம் வீட்டுக் குப்பை கொடுங்கையூர் கிடங்குக்குத்தான் போகிறது. அங்கே கையால் கிளறிப் பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பக்க விளைவைப் பதிவு செய்வது

டாக்டரிடம் சொல்வதோடு நிற்காமல் நோயாளியே பதிவு செய்யலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024, வேலை நாட்களில் பகலில் எடுப்பார்கள். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதற்கென்றே மையம் உண்டு. கேட்பது: மருந்தின் பெயர், பேட்ச் எண், எக்ஸ்பைரி, எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், என்ன ஆனது, இப்போது எப்படி இருக்கிறது, கூடவே என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள். மருந்தால்தான் வந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் போதும். சுகர் நோட்டுக்குள் அந்தத் தாளும் மெடிக்கல் பில்லும் இருந்தால் ஐந்து நிமிட வேலை.